ரப்பர் கால்சட்டைக்குள் வந்த தண்ணீர்

என் தம்பி லாரியை விட்டு இறங்கி வந்தபோது, தோளில் ஓர் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருகிறான் என்றுதான் நினைத்தேன். நெஞ்சுக்கு மேலே ஒன்றுமில்லாத ஆள். இரண்டு கறுப்புக் கால்கள் அவன் முதுகில் தொங்கி, நடக்க நடக்க அவனையே உதைத்துக்கொண்டு வந்தன. வாசலில் கொண்டுவந்து தொப்பென்று போட்டான். படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போய் நின்று குரைத்தது.

"என்னலே இது, பொணம் மாதிரி?"

"கால்சட்டைதான்க்கா. ரப்பர் கால்சட்டை. மச்சானுக்கு வாங்கியாந்தேன்."

விரித்துக் காட்டினான். பாதத்தில் பூட்ஸ், அதிலிருந்து மேலே நெஞ்சு வரைக்கும் ஒரே ரப்பராக ஏறிப் போயிற்று. தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு வார்கள். அவன் அப்போது தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கப்பலில் கழித்துப்போட்ட சாமான்களை விற்கிற கடை ஒன்றில் இதைக் கண்டானாம். தண்ணீருக்குள் நின்று வேலை பார்க்கிறவர்கள் போடுவதாம்.

"நெஞ்சு வரைக்கும் தண்ணியில நின்னாலும் ஒரு சொட்டு உள்ள வராதுக்கா."

"ஒரு சொட்டு வராதுன்னா எதுக்குலே கழிச்சுப் போட்டாக?"

முழங்கால் பக்கத்தில் என் சுண்டுவிரல் உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு கையால் தடவிப் பார்த்தால் அங்கங்கே வெடிப்பு, அங்கங்கே ஊசி குத்தினாற்போலத் துளைகள். அவனைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள, அதை இங்கிட்டுக் கொண்டா பாப்பம்" என்றார். அவர் குரலில் அப்படியொரு தெம்பைக் கேட்டு மாசக்கணக்காகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். தை மாதம் வேலியடைக்கும்போது அவருடைய வலது காலில் கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்து ஏறிவிட்டது. எங்களுக்கெல்லாம் முள் குத்துவது கொசு கடிப்பது மாதிரி. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். பத்து நாளில் பாதம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான், அவருக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. கீறி, சீழை எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். புண் ஆறுவேனா என்றது.

"நடக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. ஆனா தண்ணி படப்படாது. அதுலயும் சேறு சகதி கிட்டயே போகப்படாது. மீறுனா வெரலை எடுக்கணும். அப்புறம் பாதம். அதுக்கப்புறம் இதுவரைக்கும்" என்று டாக்டர் தம் காலிலேயே முழங்கால் வரைக்கும் கை வைத்துக் காட்டினார். அவர் கை மேலே ஏற ஏற என் கண்ணும் கூடவே ஏறியது. என் வீட்டுக்காரரோ, ஆஸ்பத்திரிச் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் ஊரில் சேற்றில் கால் வைக்காதே என்பது, நிலாவில் கால் வைக்காதே என்பது மாதிரிதான். வைக்க நினைத்தாலும் சேறு கிடைக்காது. ஆனால் அந்த வருஷம் பார்த்து, நாலைந்து வருஷமாக வறண்டு கிடந்த கண்மாய் ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பி மறுகால் வழிகிற அளவுக்குப் பெருகிவிட்டது. பங்குனியில் அறுப்பு முடிந்து, தண்ணீர் வற்றி, நடுக் கண்மாயில் இடுப்பளவு நின்றது. அதில் மீன் துள்ளுவது கரையில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. ஊர் கூடி, சித்திரையில் கண்மாய் அழிக்க நாள் குறித்துவிட்டார்கள்.

கண்மாய் அழிப்பு என்றால் ஊரே இறங்கி மீன் பிடிப்பது. கரையில் இருக்கும் அய்யனாருக்குத் தேங்காய் உடைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரைக்கும் ஒருவரும் தண்ணீரைத் தொடக்கூடாது. துண்டு ஆடியதும் ஆண், பெண், பக்கத்து ஊர், பாதையில் போகிறவர் என்று யார் வேண்டுமானாலும் இறங்கலாம். பிடித்தது பிடித்தவருக்கு. ஆனால் ஒரு மீனைக்கூட விற்கக்கூடாது. தின்னவேண்டும், இல்லையென்றால் கொடுக்கவேண்டும். விற்றால் அடுத்த வருஷம் மழை பெய்யாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். விற்காமலே நாலைந்து வருஷம் பெய்யவில்லையே என்று அய்யனாரிடம் கேட்க ஆளில்லை.

இதில் என் வீட்டுக்காரர் ஊத்தா போடுகிறவர். ஊத்தா என்பது குச்சிகளால் பின்னிய, அடிப்பக்கம் திறந்த கூம்புக் கூடை. மீன் ஓடுகிற இடத்தைப் பார்த்துச் சேற்றோடு அமுக்கி, மேல் துளை வழியாகக் கையை விட்டு மீனை எடுக்கவேண்டும். பத்துத் தடவை அமுக்கினால் மற்றவர்களுக்கு ஒரு மீன். இவருக்கு அமுக்கிய இடமெல்லாம் விரால். எனக்கு இவரைப் பெண் பார்க்க வந்தபோது சொன்ன முதல் பெருமையே அதுதான். நிலம் எவ்வளவு என்பது அதற்கப்புறம்தான் வந்தது.

"நா கரையில உக்காந்து வேடிக்கை பாக்கணுமாக்கும். கிழவிககூடச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்குவாளுக."

"கிழவிகளுக்குக் காலு இருக்கு. ஒங்களுக்கும் இருக்கணும்னுதான் நா பாக்கேன்."

உரச்சாக்குக்குள் வரும் பாலிதீன் பையைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குகிறேன் என்றார். கண்மாய்க்குள் கிடக்கிற கருவேல முள்ளுக்குப் பாலிதீன் எம்மாத்திரம் என்றேன். பேச்சு நின்றது. பேச்சு நின்றதோடு சாப்பாடும் பாதியாக நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அவரைக் கட்டிப்போட என்னால் ஆகாது என்பது எனக்குத் தெரியும். துண்டு வீசிய அடுத்த நிமிஷம் புண்ணோடு உள்ளே பாய்ந்துவிடுவார். அதனால்தான் அந்த ஓட்டைக் கால்சட்டையைப் பார்த்ததும், தம்பியைத் திட்டுவதை விட்டுவிட்டு, துளைகளை எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணி முடியவில்லை. ஒரு கையால் எண்ணும்போது இன்னொரு கைக்குக் கீழே புதிதாக ஒன்று தட்டுப்பட்டது. தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் எங்கெங்கே ஒழுகுகிறதென்று தெரியும் என்றான் தம்பி. அவன் லாரியில் போகிறவன். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரமும், அதற்குக் குடத்தோடு நிற்கிற வரிசையும் அவனுக்கு மறந்துவிட்டது. "நா சொமந்து வந்த தண்ணியைக் கால்சட்டைக்கு ஊத்தவாலே? வெளிய சொன்னா ஊரே காறித் துப்பும்" என்றேன். கடைசியில் தம்பியும் நானும் அதைச் சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறி, பந்தல்குடியில் அவனுக்குப் பழக்கமான பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம்.

அந்தக் கடைக்காரர் கறுப்பு மீசையும் கறுப்புக் கையுமாக இருந்தார். தூத்துக்குடி ரோட்டில் ஓடுகிற லாரிகளில் பாதி தம்முடைய ஒட்டில்தான் ஓடுகின்றன என்று, நாங்கள் கேட்காமலே சொன்னார். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "டியூப்தான். ரெண்டு காலு இருக்கிற டியூப்பு" என்று தீர்ப்புச் சொன்னார்.

டியூப் என்று முடிவு கட்டிவிட்டால், அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறதென்று பார்க்கவேண்டும். நெஞ்சுப் பக்கத்தைச் சுருட்டி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கம்ப்ரசரைப் போட்டார். குழாயைக் கையில் எடுத்த பிறகுதான், காற்றை எந்த வழியாக உள்ளே விடுவது என்ற கேள்வி அவருக்கு வந்தது. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு கத்தரியை எடுத்து, தொப்புள் வருகிற இடத்தில் கறுக்கென்று ஒரு துளை போட்டு, பழைய லாரி டியூப்பின் வால்வு ஒன்றை அதில் வைத்து ஒட்டிவிட்டார்.

"ஓட்டையை அடைக்கக் கொண்டாந்தா, ஓட்டை போட்டுட்டீகளே!"

"ஓட்டையைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தானக்கா."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஆனால் காற்று ஏற ஏற எழுந்துவிட்டேன். அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க முடியாது. முதலில் ஒரு பாதம் நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. தொடை பருத்து, வயிறு உப்பி, தலையில்லாத ஒரு தடியன் கடை வாசலில் எழுந்து நின்றான். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் கிளாஸோடு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்கள். "அண்ணே, இவருக்கும் ஒரு டீ சொல்லவா?" என்றார் ஒருவர். அடுத்தவர் அவனுடன் கை குலுக்கப் பார்த்து, கை இல்லாததால் காலைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கவலையோடு போன இடத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

கடைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அந்தத் தடியன் முழுசாக அடங்கவில்லை. ஒரு காலாக, ஒரு பக்கமாக, இரண்டு டிரைவர்கள் மேலே ஏறி உட்கார்ந்து அமுக்க, குமிழி கிளம்புகிற இடத்திலெல்லாம் கடைக்காரர் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு காற்றை இறக்கி, துடைத்து, உரசி, பசை தடவி, பழைய டியூப்பை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டினார். சாயங்காலம் ஆனபோது கால்சட்டைக்கு அம்மை வார்த்தாற்போல் இருந்தது. திரும்பக் காற்றடித்து அமுக்கினால் ஒரு குமிழி இல்லை. வால்வைப் பிடுங்கச் சொன்னேன். "இருக்கட்டும்க்கா. பின்னால என்னைக்காச்சும் காத்து அடிச்சுப் பாக்கணும்னா ஆகும்" என்று அதற்கு ஒரு மூடியும் போட்டுக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரரின் காலை வைத்துச் சோதிக்க நான் தயாராக இல்லை. தம்பியைப் போடச் சொன்னேன். பிறகு செடிக்குப் பாயப் போகிற தண்ணீர்தானே, வீணாகாது என்று எங்கள் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உச்சிவெயிலில் அவனை நிறுத்தினேன். நானும் என் வீட்டுக்காரரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, உள்ளே நட, வெளியே நட, குனி, நிமிர் என்று ஏவிக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து அவன் வெளியே வந்து கால்சட்டையைக் கழற்றியபோது, உள்ளே போட்டிருந்த பேண்ட் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் தொப்பலாக நனைந்திருந்தது. பூட்ஸைக் கவிழ்த்தால் தண்ணீர் சொட்டியது.

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த நாளே தனியாகப் பஸ் ஏறிப் பந்தல்குடிக்குப் போனேன்.

"ஓட்டை இல்லக்கா! எங்க காட்டுங்க பாப்பம்!" என்று கடைக்காரர் எகிறினார். காற்றடித்தார். அமுக்கினார். குமிழி இல்லை. "அப்ப எந் தம்பி கால்சட்டைக்குள்ள மழை பெஞ்சுச்சா?" என்றேன். குற்றவாளி இதுதான் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொப்புளைப் பார்த்தோம். வால்வைப் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுப் போட்டார்.

மறுபடியும் பம்புசெட். மறுபடியும் தம்பி. மறுபடியும் தொப்பல். நெஞ்சளவுக்குத் தண்ணீர் இல்லாமல் முழங்காலளவு நிற்க வைத்தேன். அப்போதும் தொடை வரைக்கும் ஈரம். கண்மாய் அழிப்புக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் எடுத்த பருத்தி ஓர் அறை நிறையக் கிடந்தது. அதை அள்ளி இரண்டு கால்களிலும் திணித்து, மேலே கல்லை வைத்துத் தொட்டியில் அமுக்கி வைப்பது. பிறகு பருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினால், எந்த இடத்துப் பருத்தி நனைந்திருக்கிறதோ அங்கே ஓட்டை.

"விக்கிற பருத்தியை நனைக்கப் போறியா?" என்றார் அவர்.

"ஏன், பருத்தியில தண்ணி தெளிக்கிறது இந்த ஊருக்குப் புதுசா?" என்றேன். எடைக்குப் போடும் முன் அதைச் செய்யாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. உருவினேன். தொடைப் பருத்தி உலர்ந்திருந்தது. முழங்கால் பருத்தி உலர்ந்திருந்தது. பூட்ஸின் நுனியில் கடைசியாகக் கிடந்த பருத்தியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மார்கழிப் பனிகூடப் படாத மாதிரி இருந்தது. பருத்தி போட்டால் ஒழுகவில்லை, ஆள் போட்டால் ஒழுகுகிறது. நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசி, ஆள் நடக்கும்போது மட்டும் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் ஓட்டை ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம். அப்படி ஓர் ஓட்டை உலகத்தில் உண்டா என்று கேட்கிற அறிவு அன்றைக்கு ஒருவருக்கும் இல்லை. நான் வாய்விட்டே அழுதேன். "விடு புள்ள. நா எறங்கல" என்றார் அவர். அப்படிச் சொல்லிவிட்டு, சுவரில் சாத்தியிருந்த ஊத்தாவின் தளர்ந்த கட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கண்மாய் அழிக்கும் நாளில் விடிந்ததும் கரையில் நிற்க இடமில்லை. எங்கெங்கிருந்தோ சைக்கிளிலும் மினி லாரியிலும் ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். பந்தல்குடி பஞ்சர் கடைக்காரரும் வந்திருந்தார். மீனுக்காக இல்லையாம், தன் வேலை தண்ணீரில் நிற்பதைக் கண்ணால் பார்க்க வந்தாராம். கையில் மட்டும் வலை வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரரைத் தடுக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. முடியாதென்றால் முடிந்ததைச் செய்யவேண்டும். காலில் இருந்த கட்டுக்கு மேலே பஞ்சை வைத்து, அதன்மேல் வெள்ளை வேட்டித் துணியைக் கணுக்கால் வரைக்கும் சுற்றிக் கட்டினேன். கால்சட்டையை மாட்டி, வாரை இறுக்கினேன். "உள்ள ஈரம் பட்ட ஒடனே வெளிய வந்துறணும். அய்யனார் மேல சத்தியம் பண்ணுங்க" என்றேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறேன்; அதற்கு அர்த்தம் கிடையாது.

துண்டு ஆடியது. கரையிலிருந்து ஊர் அப்படியே சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. ஓடியவர்களின் காலில் சேறு கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்மாய்த் தண்ணீர் கேப்பைக் கூழாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே என் வீட்டுக்காரர், உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட அந்தக் கறுப்புக் கால்சட்டையில், சேற்றில் புதைகிற பூட்ஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து இறங்கினார்.

"ஏலே, கப்பல் வந்துருச்சுடோய்! வழிய விடுங்கலே!"

"மாமா, உள்ள நீங்க மட்டும்தானா, அத்தையும் இருக்காகளா?"

அவருக்கு யார் கேலியும் காதில் ஏறவில்லை. ஊத்தாவை அமுக்கினார். கையை விட்டார். முதல் தடவையே முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அதைத் தலைக்கு மேலே தூக்கி என் பக்கம் திருப்பிக் காட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தை மாதத்திலிருந்து அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் காத்துக் கிடந்தேன். கரையில் நின்று, வயசை மறந்து, கையைத் தட்டிக் குதித்தேன். அடுத்து இன்னொரு விரால். பிறகு ஒரு கட்லா, ஊத்தாவையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. தம்பி பின்னாலேயே சாக்கோடு ஓடினான். பக்கத்து ஊர் ஆட்கள் தங்கள் வலையை விட்டுவிட்டு இவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெயில் ஏறியது. நான் மீனைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சமயம் ஊத்தாவை அமுக்கியவர் துளைக்குள் கையை விடாமல் நின்றார். குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். காலை லேசாக உதறினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்; நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே தண்ணீர் வந்துவிட்டது. மனுஷன் மறைக்கிறார்.

சேலையைத் தூக்கிச் சொருகினேனா என்பதுகூட நினைவில்லை. கண்மாய்க்குள் இறங்கிவிட்டேன். "தண்ணி வந்துருச்சுல்ல? வந்துருச்சுல்ல?" என்று கத்திக்கொண்டே போய் வாரைப் பிடித்து இழுத்தேன். "இன்னும் ஒரே ஒரு தடவை புள்ள" என்றார். "காலு போனப்புறம் எந்தக் காலை வச்சு எறங்குவீக?" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். தம்பி ஒரு பக்கம், பஞ்சர் கடைக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அவரைக் கரைக்கு இழுத்து வந்து, அய்யனார் கோயில் படியில் உட்கார வைத்தோம். வாரை அவிழ்த்து, பூட்ஸைப் பிடித்து உருவினோம். குபுக்கென்று தண்ணீர் கொட்டிப் படியில் ஓடியது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி முகத்தை மூடிக்கொண்டான். நான் அந்தத் தண்ணீரையே பார்த்தேன். டாக்டர் தம் காலில் முழங்கால் வரைக்கும் அளந்த கை என் கண்முன்னே வந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. என் கை முழங்கை வரைக்கும் கறுப்புச் சேறு. தம்பிக்குக் காது வரைக்கும் சேறு. கடைக்காரருக்கு மீசையிலும் சேறு. கால்சட்டையின் வெளிப்பக்கம் முழுக்கக் கூழ் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஆனால் உள்ளேயிருந்து கொட்டிப் படியில் தேங்கிய தண்ணீர், தெளிந்து கிடந்தது. படிக்கல்லில் வெட்டியிருந்த கோடுகள் அதற்குள் தெரிந்தன.

கண்மாயில் இன்றைக்கு ஏது தெளிந்த தண்ணீர்?

சேலை நுனியில் கையைத் துடைத்துவிட்டு, விரலை அதில் நனைத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"வேர்வை!" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். "வேர்வைலே! இது பூராம் வேர்வை!"

எங்கள் பக்கத்தில் வேர்வை என்றால், சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அவ்வளவுதான். வழிவதற்குள் கரிசல் காற்று குடித்துவிடும். காற்றுப் புகாத ரப்பருக்குள் உச்சிவெயிலில் ஓர் ஆளை நிறுத்தினால், அது செம்புக்கணக்கில் சேரும் என்பதை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. பம்புசெட் தொட்டியில் தெளிந்த தண்ணீர் இருந்ததால், உள்ளே இருந்தது எந்தத் தண்ணீர் என்று அன்றைக்குத் தெரியவில்லை. பருத்தி ஏன் நனையவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பருத்திக்கு வேர்க்காது.

"நா சொன்னேன்ல! ஓட்டை இல்லைன்னு சொன்னேன்ல! எந்த லாரிக்காரன்ட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க!" என்று கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரை முழுக்க நடந்தார். தம்பி, "அப்ப எம்புட்டு வேர்வைக்கா எனக்கு!" என்று தன் தொடையையே பெருமையாகத் தட்டிக்கொண்டான்.

நான் அவருடைய காலை என் மடியில் தூக்கி வைத்தேன். வெள்ளைத் துணி நனைந்திருந்தது. ஆனால் வெள்ளையாகவே இருந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பஞ்சு, கட்டு. புண்ணின் ஓரத்தில் புதுத்தோல் சிவப்பாக, நான் நேற்றுப் பார்த்தபடியே இருந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை. உலர்ந்த துணியால் ஒற்றி, கையோடு கொண்டுவந்திருந்த மருந்தை வைத்து, புதுக் கட்டுப் போட்டேன். போட்டு முடித்ததும் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, ஓவென்று அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்து, "விரால் சாக்குல துள்ளுது. அதைப் பாக்காம இதுக்குப் போயி அழுவுறியே" என்றார்.

பெரிய விராலைக் கடைக்காரருக்குக் கொடுத்தேன். அன்று எங்கள் தெருவில் மீன் குழம்பு கொதிக்காத அடுப்பு இல்லை. வந்தவர், போனவர், கண்டக்டர், டிரைவர் எல்லோருக்கும் வாழையிலையில் மீன் போனது. கால்சட்டையைக் கழுவி, உள்ளும் புறமும் காயும்படி வேப்பமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தோம். நாய் இரண்டு நாள் அதன் கீழே போகவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்து, அமுக்கிப் பார்த்து, "நல்லா ஆறிக்கிட்டு வருது. இனிப் பயமில்ல" என்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அந்தப் பக்கமெல்லாம் கண்மாய் அழிச்சாங்கன்னு சொன்னாங்களே. இவரு சேத்துல எறங்கலையே?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சுவரில் பல்லியைத் தேடினார்.

"எறங்குனாக டாக்டர்" என்றேன். "ஆனா கண்மாய்த் தண்ணி ஒரு சொட்டுக்கூடப் படல."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பையைத் திறந்து, அவருக்கென்று உப்பில் போட்டுக் காயவைத்துக் கொண்டுபோயிருந்த விரால் கருவாட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "விக்கிறதுக்கு இல்ல டாக்டர். குடுக்கத்தான் செய்யணும், எங்க ஊர்ச் சட்டம்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, கட்டில்லாத தன் பாதத்தை நீட்டி, அஞ்சு விரலையும் ஒருதரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.